மூன்றாவது ஹவர்

கெஸ்ட் டீச்சர் தன் வகுப்புக்கு வெளியே, வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி நின்றதைப் பார்க்காமல் இருந்திருந்தால், சாரிடம் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் சமாளிப்பு மாதிரி ஆகிவிடும். இப்போதும் அப்படித்தான் இருக்கிறதோ என்னவோ.

டீச்சர் சாரிடமே படித்து, முனைவர் பட்டமும் வாங்கியவர். மூன்றாவது ஹவர் அவருடையது. உள்ளே சார், மோசிகீரனார் முரசு கட்டிலில் ஏறிப் படுத்துத் தூங்கிய புறநானூற்றுப் பாட்டை நடத்திக்கொண்டிருந்தார். "வெட்டிப் போட்டிருக்க வேண்டிய சேரமான் விசிறி விடறான். ஏன்டா எழுப்பல?" பிள்ளைகள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எதைச் சொன்னாலும் "அது ரெண்டாவது காரணம்" என்பார். முதல் காரணத்தை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

"நீங்க ஏன் இங்க நிக்கறீங்க?" என்றேன்.

"இந்தப் பாட்டை மட்டும் நான் எடுத்துக்கட்டுமான்னு கேட்டாருங்க சார்."

முந்தின வாரமும் ஒரு பாட்டை மட்டும்தான். பதிவேட்டில் கையெழுத்து டீச்சருடையது, வகுப்பு சாருடையது. குருவிடம் எப்படி மாட்டேன் என்பது?

கேரளத்தில் எங்களுக்கு 56 வயதில் ஓய்வு. யுஜிசி 65 என்றது, இங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாரை மார்ச் 31-ல் மாலை போட்டு அனுப்பினோம். ஜூனில் கல்லூரி திறந்தபோது அதே தோள்பையோடு கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில் வந்து இறங்கினார். எங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். எருத்தேம்பதி, வடகரப்பதி மாதிரித் தமிழ் பேசும் எல்லை ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு அவர் ஒரு தைரியம். தமிழ்ப் பள்ளியில் படித்துவிட்டு கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் வழியாக வேலைக்குப் போகிறவர்கள், புரொபேஷனுக்குள் மலையாளத் தேர்வு தேற வேண்டும். தமிழ்ப் பேராசிரியரான அவர்தான் சாயங்காலம் வராந்தாவில் அவர்களை உட்காரவைத்து மலையாளம் எழுதப் பழக்குவார். "கூட்டெழுத்துலதான் நம்ம பிள்ளைக வழுக்கும்" என்று, ஒவ்வொன்றையும் விரலால் காற்றில் எழுதிக் காட்டுவார். அதை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் வகுப்பை நிறுத்தினால் இதுவும் நிற்கும் என்பது எனக்குத் தெரியாதா?

மறுநாள் இரண்டாவது ஹவர் முடிகிற நேரம், துறை அறையில் யாரும் இல்லாதபோது ஆரம்பித்தேன். "டைம்டேபிள்ல பேர் இருக்கறவங்கதான் வகுப்பெடுக்கணும்னு மேலிருந்து சொல்றாங்க சார்." மேலிருந்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

சார் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார்.

"அந்தப் பொண்ணு சங்கடப்படுதா?"

"அவங்க ஒண்ணும் சொல்லல சார். நானாத்தான்..."

"சரி தம்பி, இனிமே வரல." எழுந்துகொண்டே, "நேத்துச் சாயங்காலமே சொல்லியிருந்தா, இன்னைக்கும் வர்றேன்னு பசங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டேனே" என்றார். குறையாகச் சொல்லவில்லை. டைம்டேபிள் போடுகிறவன் கவனிக்க வேண்டிய ஒன்றை எடுத்துச் சொல்லும் குரல். டீச்சர் வந்ததும், "நீயே போம்மா. விசிறி வீசறதோட நிறுத்தியிருக்கு" என்று பாடம் நின்ற இடத்தைச் சொல்லி அனுப்பிவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

எத்தனையோ இரவு இதை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். 'ஏன்' என்று அவர் கேட்கவில்லை. நேராக அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டார். அப்படியென்றால் முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே எப்படி நின்று நடத்தினார்? பாடம் என்று வந்துவிட்டால் பக்கத்தில் நிற்கிறவர் கண்ணுக்குத் தெரியாத ஆள் அவர் என்று ஒரு நாள் தோன்றும். நான் சொல்வதற்காகத்தான் காத்திருந்தாரோ என்று இன்னொரு நாள் தோன்றும். கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு வேலை இருந்திருக்காது.

நான் செய்தது சரி என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் பதில் சொல்ல வேண்டியவன் துறைத் தலைவன். அடுத்த தலைமுறை தன் காலில் நின்று வகுப்பெடுத்துப் பழக வேண்டும். சில மாதங்களில், 2020 மார்ச்சில், கொரோனா வந்து கல்லூரியையே பூட்டியது. எப்படியும் நின்றிருக்கும். அந்த ஏப்ரலிலேயே, ஒரு பணியிடத்துக்கு வாரம் 16 மணி நேர வேலை வேண்டும் என்று அரசாணை வந்தது. எங்களைப் போன்ற சின்னத் துறைகள் ஹவரை எண்ணி எண்ணிப் பார்த்த காலம் அது. டீச்சர் கோவையில் ஒரு தனியார் பள்ளிக்குப் போய்விட்டார். யாருக்காகச் சொன்னேனோ அவரே தங்கவில்லை என்று இதை எடுத்துக்கொள்வதா, போகும்வரையாவது தன் வகுப்பில் நின்றார் என்று எடுத்துக்கொள்வதா, தெரியவில்லை.

சார் போன வருஷம் காலமானார். காரியத்துக்குப் போனபோது அவர் வீட்டு அம்மா என் குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டார். சர்க்கரையில் பார்வை குறைந்துபோனவர்.

"நீங்க எத்தனை தடவை கூப்பிட்டீங்களாம்! ஒரு ஹவராவது வாங்கன்னு போன் மேல போன் பண்றாரு, நான்தான் முடியாதுன்னுட்டேன்னு சொல்லுவாருங்க. என் கண்ணுக்காகக் காலேஜையே விட்டாரு."

நான் ஒரு தடவைகூடப் போன் செய்ததில்லை.

"ஆமாங்கம்மா" என்றேன்.

கண்ணுக்குள் போடும் ஊசிக்கு மாதாமாதம் அவர்தான் கோவைக்குக் கூட்டிப் போனாராம். கொரோனாவில் இ-பாஸை வைத்துக்கொண்டு வேலந்தாவளம் செக்போஸ்ட்டில் நின்றது, காலையில் மலையாளப் பேப்பர் முழுவதையும் வாசித்துவிட்டுத் தமிழ்ப் பேப்பரை எடுப்பது, இரண்டிலும் ஒரே செய்தி வந்தால் எது பொய் என்று இருவரும் சண்டை போடுவது என்று அம்மா சொல்லிக்கொண்டே போனார். "அவர் வீட்ல இருந்திருக்காட்டி என் கண்ணு இந்த அளவுக்கும் இருந்திருக்காதுங்க."

வந்தவர்கள் எல்லோரும் குடும்பத்துக்காகவே வாழ்ந்த மனிதர் என்றார்கள். வேலையில் இருந்த காலத்தில் எட்டு மணிக்குக் கிளம்பினால் இருட்டித்தான் வீடு திரும்புவார். பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம் எல்லாம் அம்மா பார்த்தது. இதை அவர் மகனே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னான். அப்படியானால் குடும்பத்துக்கு அவர் முழுதாகக் கிடைத்தது அந்தக் கடைசி வருஷங்களில்தான். அதற்கு நானும் ஒரு காரணம் என்று நினைக்க எனக்கு வசதியாக இருக்கிறது. வசதியாக இருப்பதாலேயே நம்ப முடியவில்லை.

அந்தப் பொய்யை எதற்குச் சொன்னார்? கல்லூரியில் வேண்டாம் என்றார்கள் என்று மனைவியிடம் சொல்ல வாய் வரவில்லையா? என் பெயர் கெடக்கூடாது என்றா? 'உனக்காக' என்று ஒன்றை அவருக்குக் கொடுக்கவா? எதைச் சொன்னாலும் அது ரெண்டாவது காரணம்தான்.

இரங்கல் கூட்டத்தில் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். "எவ்வளவோ அழைத்தும் மனைவியின் உடல்நலத்துக்காக மறுத்துவிட்டார்" என்று மைக்கில் சொன்னேன். வேறென்ன சொல்வது? முரசு கட்டில் கதையையும் சேர்த்துச் சொன்னேன். கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் யாராவது கைதட்டுவார்களா?

கூட்டம் முடிந்து டீச்சர் வந்தார். லீவு போட்டுவிட்டுக் கோவையிலிருந்து வந்திருந்தார்.

"சார், அன்னைக்கு அப்புறமும் நீங்க அவரைக் கூப்பிட்டீங்களா? நிஜமாவா?"

அறையில் நான் பேசியது அவருக்குத் தெரியும் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. துறை அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தட்டிதானே.

"கூப்பிட்டேம்மா."

"என்னாலதான் போயிட்டாருன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்" என்றார். அழவில்லை. லேசாகச் சிரித்தார். ஐந்தரை பஸ் கிடைக்குமா என்று கேட்டார்.

நினைவு மலருக்கு, மேடையில் பேசியதையே எழுதிக் கொடுத்தேன். ப்ரூஃபில், சாரின் முழுப்பக்கப் படத்துக்குக் கீழே, அழைத்தும் மறுத்தார் என்ற அந்த வரியையே பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். மகள் கேட்டுக்கொண்டதாம். ஒரு ஒற்று விட்டுப்போயிருந்தது. போட்டு, திருப்பி அனுப்பிவிட்டேன்.