கோபுரக் கம்பிகள்

28 டிசம்பர் 2023, வியாழன்

கோவிலுக்குள் படிந்திருந்த சேற்றை இன்றுதான் வழித்து முடித்தோம். 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியிருக்கிறது. தாமிரபரணியும் உடைப்பெடுத்த குளங்களும் ஒன்றாகச் சேர்ந்து எங்கள் ஊருக்குள் புகுந்ததில், ஆலயச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு நிற்கிறது. பாய்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டின் ஒவ்வொரு தாளுக்கும் இடையே செய்தித்தாளைச் செருகி உலர்த்துகிறோம். மைப்பேனாவால் எழுதிய பழைய பெயர்கள் நீலக் கறைகளாகிவிட்டன, பால்பாயிண்ட் பேனாவால் எழுதியவை தப்பித்தன. என் தாத்தாவின் பெயர் கறையாகிவிட்டது, என் பெயர் தப்பிவிட்டது.

கோவிலுக்குப் பின்னால் கோபுரத்துக்கென்று அடுக்கி வைத்திருந்த கம்பிக் கட்டுகள் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

31 டிசம்பர் 2023, ஞாயிறு

காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபைப் போதகரான ஐயர் ஓர் அறிவிப்புச் செய்தார். கோபுர நிதியையும் கம்பிகளையும் வீடிழந்தவர்களுக்குக் கொடுப்பது குறித்து ஏழாம் தேதி சபைக்கூட்டம் நடக்கும் என்றார். பொருளாளராகிய என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இந்தப் பக்கத்துச் சபைகளுக்குக் கோபுர ஆசை எங்கிருந்து வந்தது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். தேரிக்காட்டு வழியாக வரும்போது வெகு தொலைவிலிருந்தே தெரிவது மெஞ்ஞானபுரம் தூய பவுல் ஆலயத்தின் 192 அடிக் கோபுரம். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். அந்த அளவுக்கு வேண்டாம், எங்களுக்கு 60 அடி போதும் என்று சபையார் கூடி உண்ணும் அசன விருந்தின் வரவில் மிஞ்சியதையும், சென்னையிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் அனுப்பியதையும் பதினோரு வருடமாகச் சேர்த்து வந்தோம். அதில் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது போட்டவன் நான்.

1 ஜனவரி 2024, திங்கள்

இரவு ஆராதனைக்கு வழக்கமான கூட்டத்தில் பாதிதான் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து இரவல் வாங்கிய பெஞ்சுகளில், ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்ற பிரிவே இல்லாமல், இடம் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். கண்டிக்க வேண்டிய பெரியவர்களும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

பன்னிரண்டு மணி அடித்த பிறகு, புது வருடத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் தரும் வாக்குத்தத்த அட்டைகளை எடுத்தோம். ஆற்றங்கரையில் வீடு முழுவதையும் இழந்த பாட்டிக்கு ஏசாயா 43:2 கிடைத்தது. அவருக்குக் கண் தெரியாததால் நான் வாசித்துக் காட்டினேன்: "நீ ஆறுகளைக் கடக்கும்போது அவைகள் உன்மேல் புரளுவதில்லை." பாட்டி அட்டையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டே, "புரண்டுதானய்யா போச்சு" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அவரோ, "முந்துன வரியையும் வாசி, தண்ணியக் கடக்கையில கூட இருப்பேன்னுதான இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

7 ஜனவரி 2024, ஞாயிறு

ஆண்டின் முதல் ஞாயிறு உடன்படிக்கை ஆராதனை. ஜான் வெஸ்லி 1755-இல் லண்டனில் தொடங்கிய இந்த வழக்கம் மெதடிஸ்ட் சபையார் வழியாகத் தென்னிந்தியத் திருச்சபைக்கும் வந்து சேர்ந்தது. நிறைவாக்கினாலும் வெறுமையாக்கினாலும் உமது சித்தம் என்ற பொருளில் அமைந்த அந்த ஜெபத்தை வருடந்தோறும் உரத்த குரலில் சொல்கிறவன்தான் நான். இந்த வருடம் "வெறுமை" என்ற சொல் வந்த இடத்தில் என் வாய் அடைத்துக்கொண்டது.

அதன்பின் நடந்த கூட்டத்தில் நான் எதிர்த்தே பேசினேன். கோபுரத்துக்கென்று நேர்ந்து கொடுத்த பணத்தை வேறொன்றுக்குத் திருப்புவது கொடுத்தவர்களை ஏமாற்றுவதாகாதா என்று கேட்டேன். அந்தக் கேள்வி நியாயமானது என்றே இப்போதும் நினைக்கிறேன். மும்பையில் இருக்கும் ஒருவர் தொலைபேசி ஒலிபெருக்கி வழியாக, "அண்ணாச்சி, நான் கொடுத்தது என் ஊருக்கு" என்றார். மெஞ்ஞானபுரத்து ஆலயமே 1847-இல் பிரதிஷ்டையாகிப் பல வருடங்கள் கழித்துத்தானே கோபுரம் எழுந்தது என்று ஐயர் நினைவூட்டினார். பிறகு, சபையில் சேராத நான்கு வீட்டாருக்கும் கொடுக்க வேண்டுமா என்று விவாதம் நீண்டது. வெள்ளத்தின்போது பள்ளிக்கூட மாடியில் நம் அசன அண்டாக்களில் பொங்கியபோது யாரிடம் சபைச் சீட்டுக் கேட்டோம் என்று ஓர் அம்மா எழுந்து கேட்டதும் அது அடங்கியது. கைகள் உயர்ந்தன. என் கையைக் கடைசியாகத் தூக்கினேன்.

13 ஜனவரி 2024, சனி

கம்பிகளில் ஒட்டியிருந்த சேறு காய்ந்து துருவோடு சேர்ந்து இறுகிவிட்டது. இளைஞர்கள் சாக்குத்துணியால் தேய்த்துத் தேய்த்துக் கைகளைச் சிவப்பாக்கிக்கொண்டார்கள். முதல் வீடு பாட்டியினுடையது. கோபுரத்தின் கனத்தைத் தாங்க வாங்கிய பன்னிரண்டு எம்.எம். கம்பி வாசல்நிலைக்கு மேலே போடும் லிண்டலுக்கு அதிகம்தான் என்று கொத்தனார் தலையை ஆட்டினார். இருந்தாலும் வெட்டிக் கட்டினார். வெயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பாட்டி, வாசலைக் கிழக்குப் பார்த்தே வைக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரவு கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். வெள்ளத்தில் நனைந்து அலை அலையாகச் சுருண்ட அந்தத் தாள்களில் புதுத் தலைப்புப் போட மனம் வரவில்லை. "கோபுரக் கணக்கு" என்ற பழைய தலைப்பின் கீழேயே எழுதினேன்: லிண்டல், வீடு ஒன்று, கம்பி நான்கு.