தொப்பூர் கணவாயில் நினைவுக்கு வந்த மேயர்

இன்று காலை தொப்பூர் கணவாயில் டேங்கர் லாரி ஒன்று சாலையோரம் கவிழ்ந்து கிடந்தது. முகத்தில் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்ட ஒரு பெண்மணி, பேருந்திலிருந்து இறங்கி வேடிக்கை பார்க்கச் சென்றவர்களை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

பக்கத்து ஊராட்சியின் முன்னாள் தலைவர் என்றார் நடத்துநர்.

கனடாவின் மிசிசாகா நகர மேயர் ஹேசல் மெக்காலியனை நினைத்துக்கொண்டேன்.

1978இல் அவர் மேயரானார். மறு ஆண்டு நவம்பர் 10 நள்ளிரவை நெருங்கும் வேளையில், குளோரின் உள்ளிட்ட ரசாயனங்களை ஏற்றிச் சென்ற சரக்கு ரயில் அந்நகரில் தடம் புரண்டு வெடித்தது. 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை. கணுக்கால் சுளுக்கிய மேயர், நொண்டியபடியே செய்தியாளர்களைச் சந்தித்து, மக்களுக்கு நிலைமையை எடுத்துச் சொன்னார்.

அதன்பின் தொடர்ந்து வென்று, 2014இல் தமது 93ஆம் வயதில் தாமாகவே விலகினார். 2023இல், 101 வயதில் மறைந்தார்.

ஒருவரே 36 ஆண்டுகள் பதவியில் இருப்பது எல்லா ஊருக்கும் நல்லது என்று நான் கருதவில்லை. ஆனால், அவரை ஒவ்வொரு முறையும் அமர்த்தியவர்கள் நகர மக்களே.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓசூர் 2019இல் மாநகராட்சியானது. அதன் முதல் மேயரை 2022இல் தேர்ந்தெடுத்தவர்கள் மாமன்ற உறுப்பினர்கள். தமிழ்நாட்டில் மேயரையும் நகராட்சித் தலைவரையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்த காலம் இருந்தது. அந்த முறை திரும்ப வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.