ஐடிலில் உதறும் அக்சியோ

2025 ஓகஸ்ட் 3, ஞாயிறு

என் டொயோட்டா அக்சியோ காரைக் கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியில் நிறுத்தினால் ஸ்டியரிங் கையோடு சேர்ந்து நடுங்குகிறது. ஓட்டோ கியர் 'டி'யில் (ட்ரைவ்) இருக்கும்போதுதான் மோசம், 'என்'னுக்கு (நியூட்ரல்) தள்ளினால் கொஞ்சம் அடங்கும், ஏசியைப் போட்டால் திரும்பவும் உதறல். ஓட்டத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஏ9இல் விட்டால் பழைய அக்சியோதான். என்ஜின் நன்றாகச் சூடான பிறகும், ஐடிலில், அதாவது அக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, ஆர்பிஎம் முள் 700இல் நிற்காமல் 500 வரை விழுந்து எழும்புகிறது. இன்று என்ஜின் லைட்டும் பற்றிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் பயம், எனக்கு ஒருவகையில் நிம்மதி. லைட் எரிந்தால் கம்ப்யூட்டர் ஏதோ எழுதி வைத்திருக்கும்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பொனட்டைத் திறந்து ஒருதரம் ரேஸ் பண்ணிப் பார்த்துவிட்டு, "பிளக் நாலும் கொயில் நாலும் மாத்துவம், சரிவராட்டி பெற்றோல் பம்பைப் பாப்பம்" என்றார்கள். கம்ப்யூட்டர் எழுதி வைத்த கோடுகளை ஸ்கான் பண்ணிப் பார்க்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி இந்த வருடம் பெப்ரவரியில்தான் திறந்தது, அதுவரை எல்லோரும் கையில் இருந்த பழைய காரைத்தான் தேய்த்தார்கள், ஆகவே சாமான் விலையைச் சொல்லவே வேண்டாம். ஊகத்துக்கு நாலு கொயில் வாங்குகிற நிலையில் நான் இல்லை.

பிளக்கில் தீப்பொறி வர மின்சாரம் கொடுக்கிற கொயிலில் சந்தேகம் என்றால் அதற்குச் செலவில்லாத வழி இருக்கிறது. இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ் பண்ணினால் பி0302 என்று கோட் வரும். அந்தக் கொயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி ஓடவிட வேண்டும். கோட் பி0303 ஆக மாறினால் கொயில்தான், மாறாமல் அங்கேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கொம்ப்ரெஷன் என்று தேட வேண்டும்.

ஓகஸ்ட் 9, சனி

வவுனியாவில் இருந்து மச்சான் தன் புளூடூத் ஸ்கானரைக் கொண்டுவந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் சொக்கெட்டில் குத்தி போனில் பார்ப்பது. ஜப்பான் கார் எல்லாவற்றிலும் இது பேசாது, என்னுடையதில் பேசியது.

கோட் பி0171. கலவையில் பெற்றோல் போதாது, காற்று கூட என்று பொருள். எந்த சிலிண்டரையும் குறித்து மிஸ்ஃபயர் கோட் இல்லை, அதோடு கொயில் கதை முடிந்தது. ஆனால் கோட் ஆளைக் காட்டிக்கொடுக்காது, தெருவைத்தான் காட்டும். அடுத்துப் பார்க்க வேண்டியது ஃபியூவல் ட்ரிம். பெற்றோல் ஒரு பங்குக்குக் காற்று எடையில் 14.7 பங்கு என்ற கணக்கில் எரிய வேண்டும். புகைக் குழாயில் இருக்கிற ஒக்சிஜன் சென்சர் மிச்சக் காற்றைக் கண்டால் கம்ப்யூட்டர் பெற்றோலைக் கூட்டும், அந்தக் கூட்டல் கழித்தல்தான் ட்ரிம். பத்து வீதத்துக்குள் இருந்தால் பேசத் தேவையில்லை.

ஐடிலில் லோங் ட்ரிம் (நாள்பட்ட திருத்தம்) +18 வீதம், ஷோர்ட் ட்ரிம் (அந்தக் கணத் திருத்தம்) +7. மச்சானை அக்சிலரேட்டரை மிதித்து 2500இல் பிடித்து வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் இரண்டும் சேர்ந்து +5க்கு இறங்கிவிட்டது.

எனக்கு இது போதும். பம்போ ஃபில்டரோ பலவீனமாக இருந்தால் ரேஸ் பண்ணப் பண்ண, லோட் ஏற ஏற, ட்ரிம் கூடத்தான் வேண்டும். இது தலைகீழாக இருக்கிறது. வருகிற காற்றை அளக்கும் ஏர்ஃப்ளோ சென்சரைத் தாண்டி எங்கேயோ கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐடிலில் காற்றுக் கதவான த்ரொட்டில் கிட்டத்தட்ட மூடியிருப்பதால் அந்தத் திருட்டுக் காற்று பெரிய பங்கு. 2500இல் நேர்வழியில் வருகிற காற்றே நிறைய, அதில் இது கரைந்துபோகும். இனி ஓட்டையைத் தேட வேண்டியதுதான்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

வட்டக்கச்சியில் ஒரு அண்ணை இருக்கிறார். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்த காலத்தில், காபரேட்டரில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டிய தலைமுறை. ஸ்கானர் என்றால் சிரிப்பார். ட்ரிம் கணக்கைச் சொன்னேன், "அப்ப காத்து இழுக்குது எண்டு சொல்லுறாய்" என்றார். அவ்வளவுதானே.

ஓட்டை தேட காபரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பது பலருடைய வழக்கம், ஸ்ப்ரே ஓட்டைக்குள் போனால் ஐடில் மாறும். சூடான என்ஜினில் அது தீப்பிடிக்கிற சாமான் என்பதால் எனக்கு மனம் வரவில்லை. அண்ணை முக்கால் மீற்றர் அளவில் ஒரு பழைய ரப்பர் குழாயை எடுத்து ஒரு நுனியைக் காதில் வைத்து, மறு நுனியை, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற இன்டேக் மனிஃபோல்ட் ஓரமாக நகர்த்திக்கொண்டே போனார். பிரேக் பூஸ்டர் குழாயில் ஒன்றும் இல்லை. என்ஜினுக்குள் சேரும் ஆவியைத் திரும்ப இன்டேக்குக்கு இழுக்கிற பிசிவி குழாய் வந்ததும் நின்று, என் காதில் குழாயைத் திணித்தார். 'ஸ்ஸ்ஸ்' என்று இழுப்பு.

மேலே பார்த்தால் குழாய் புதிது மாதிரி இருக்கிறது. அடிப்பக்கத்தில் விரலை விட்டுத் தடவினால் நகம் இறங்குகிறது. கழற்றி வளைத்தபோது விரல் அகலத்துக்கு வாய் பிளந்தது, உள்ளே ஒயில் ஊறி ரப்பர் அப்பளமாக நொறுங்குகிறது. 2008ஆம் ஆண்டு வண்டி, கச்சான் காற்றும் இந்த வெக்கையும், ரப்பரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

கடையில் தண்ணீர்க் குழாயைத் தந்தார்கள், வேண்டாம் என்றேன். பிசிவி வழியாக ஒயில் ஆவி போகும், அதற்குத் தாங்காத ரப்பர் ஊதிப்போகும், இழுவைக்குச் சப்பளிந்தும்போகும். ஒயில் தாங்கும் குழாய் வவுனியாவில்தான் கிடைக்குமாம்.

ஓகஸ்ட் 16, சனி

குழாயும் புது கிளிப்பும் மாட்டியாயிற்று. அதோடு ஏர் ஃபில்டரைத் தட்டினேன், செம்புழுதி மேகமாக எழும்பியது, தட்டி மாட்டுவதில் பிரயோசனம் இல்லை, புதிது போட்டேன். ஸ்கானரில் அந்தக் கோட் பதிவை அழித்து ஒரு சுற்று ஓடிவிட்டுப் பார்த்தால் ஐடிலில் இரண்டு ட்ரிம்மும் சேர்ந்து +3, முள் 700இல் அசையாமல் நிற்கிறது, லைட் திரும்ப வரவில்லை.

ஏசி போட்டு 'டி'யில் நின்றால் மட்டும் ஒரு மெல்லிய அதிர்வு மிச்சம் இருக்கிறது. முள் ஆடவில்லை, ட்ரிம் சரி, ஆகவே இது என்ஜின் எரிவதில் உள்ள பிரச்சினை இல்லை. என்ஜினைத் தாங்குகிற மவுண்ட் ரப்பராக இருக்கும். பிரேக்கை மிதித்துக்கொண்டு 'டி'க்கும் 'ஆர்'க்கும் (ரிவர்ஸ்) மாற்றி, என்ஜின் எவ்வளவு துள்ளுகிறது என்று மச்சானை முன்னால் நிற்கவிடாமல் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்ல வேண்டும். அது அடுத்த கிழமை.