ஒரு நாளுக்கான மன்னா: வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களுக்கு

ஆகஸ்ட் 29-ஆம் தேதி வேளாங்கண்ணி மாதா கோயிலில் திருவிழாக் கொடி ஏறுவதற்கு முன்பே தஞ்சாவூர், திருவாரூர் சாலைகளில் காவி உடுத்தியவர்களின் வரிசை தொடங்கிவிடும். கடன், பிள்ளையின் நோய், பறிபோன வேலை என்று எதையாவது மாதாவிடம் சொல்லி அழப் போகிறவர்கள் அதில் நிறைய. கையில் காசு குறைவு. சோற்றுக்கு என்ன செய்வது என்ற பயத்தில் மூட்டையைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். வேண்டாம்.

திருச்சியிலிருந்து ஏறக்குறைய 150 கி.மீ. நாளொன்றுக்கு 20 முதல் 25 கி.மீ. நடந்தால் ஏழு நாளில் சேரலாம். தோளில் ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம், முட்டி தாங்காது. வழியில் பந்தல் போட்டு நீர்மோரும் சோறும் கொடுக்கிறார்கள். கொடுப்பவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

பாலைவனத்தில் நடந்த இஸ்ரயேல் மக்களுக்கு ஆண்டவர் அன்றாடம் தந்த உணவு மன்னா. ஆளுக்கு ஓர் ஓமர் (அக்காலப் படி அளவு) மன்னாதான் அளவு. மறுநாளுக்கென்று வைத்தது புழுத்து நாறியது (விவிலியம், விடுதலைப் பயணம் 16). மதியம் வாங்கிய சாம்பார் சாதத்தை இரவுக்கென்று பையில் கட்டி வைத்தாலும் அப்படித்தான். அந்த வெயிலில் மூடிய பொட்டலம் சில மணி நேரத்தில் கெட்டு, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். புளியோதரை ஒரு பகல் தாங்கும். மிஞ்சியதை உடனே பின்னால் வருபவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

அதே அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது: வெயில் ஏறினால் மன்னா உருகிவிடும். தருவது ஆண்டவர், விடியலில் எழுந்து போய்ச் சேகரிப்பது மக்கள் வேலை. அதிகாலை மூன்றுக்குக் கிளம்பி, பத்துக்குள் நிழலில் ஒதுங்குங்கள். மாலை நாலுக்கு மேல் மறுபடி நடக்கலாம். இருட்டில் ஒளிரும் பட்டை அணிந்து, எதிரே வரும் வண்டிகள் தெரியும்படி சாலையின் வலது ஓரமாகப் போங்கள்.

வியர்வையில் உப்பு போய்க்கொண்டே இருக்க, வெறும் தண்ணீரையே குடித்தால் தலை சுற்றும். வயிறு போனால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் குடியுங்கள். உப்பு கூடக் கூடாது.

புதுச் செருப்போடு கிளம்ப வேண்டாம். கொப்புளத்தின் தோலை உரிக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. பாதம் மரத்திருந்தால் புண் பட்டதே தெரியாது.

சாவைக் கேட்டுப் படுத்த இறைவாக்கினர் எலியாவை வானதூதர் எழுப்பி அப்பமும் தண்ணீரும் தந்தார். அவர் மறுபடி உறங்கினார். தூதர் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார் (1 அரசர்கள் 19). கடிந்துகொள்ளவில்லை. ஆகவே முடியாதவர் மீதித் தூரத்துக்குப் பஸ் ஏறினால் நேர்த்திக்கடன் குறைந்துபோகாது என்றே நம்புகிறோம். ஊர் திரும்பும் கட்டணத்தை மட்டும் தனியே முடிந்து வையுங்கள்.

போய்ச் சேர்ந்ததும் மாதா குளத்துப் பாதையில் முழந்தாளிட்டு நகர அவசரப்பட வேண்டாம். பகலில் மணல் சுடும். கால் புண் காய்ந்தபின், விடியற்காலையில் போங்கள்.