ஆறு ஊர்களும் ஒரு மஞ்சள் கல்லும்

தெற்குப் பிரான்ஸின் அவேரோன் மாவட்டத்தில் இருக்கும் கொங்க்குக்கு வருகிற பெரும்பாலோர் அங்குள்ள மடாலயக் கோயிலைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். எனக்குச் சுற்றியுள்ள ஊர்களையும் பார்க்க ஆசை. 2015 வரை அவையெல்லாம் சேர்ந்து ‘கொங்க் கந்தோன்’ என்ற ஒரே வட்டாரம்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் 1790இல் வந்த நிர்வாகப் பிரிவுதான் கந்தோன். கொங்க், செனெர்க், நோயாக், கிரான்-வாப்ர், சான்-சிப்ரியான், சான்-ஃபெலீ-த-லுனெல் என்று இந்தக் கந்தோனில் ஆறு கொம்யூன்கள். (கொம்யூன் என்றால் தனி மன்றம் உள்ள ஊராட்சி; புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.) 2013இல் வந்த சட்டம், கந்தோனுக்கு ஓர் ஆணும் ஒரு பெண்ணுமாக இரண்டு உறுப்பினர்கள் மாவட்ட மன்றத்துக்குப் போக வேண்டும் என்றது. அதற்காக நாடு முழுக்க நாலாயிரத்துச் சொச்சம் கந்தோன்களைப் பாதியாகக் குறைத்தார்கள். அதில் இந்தச் சின்னக் கந்தோனும் பெரியதொன்றில் கரைந்துபோனது.

செனெர்க்கிலிருந்து நடந்தேன். பிரான்ஸின் ல புய் நகரிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்குப் போகும் யாத்திரைப் பாதை இந்த வழியாகத்தான் போகிறது. மேட்டில் மேய்ச்சல் நிலமும் மாடுகளுமாக நிதானமாகப் போகும் பாதை, கொங்க் நெருங்கியதும் செங்குத்தாக இறங்குகிறது. கல்லெல்லாம் வழுக்கல். முழங்கால் வலி உள்ளவர்கள் கைத்தடி இல்லாமல் இறங்க வேண்டாம்.

கோயில் வாசலுக்கு மேலே, 12ஆம் நூற்றாண்டில் செதுக்கிய இறுதித் தீர்ப்புக் காட்சி. அதில் இந்தக் கோயிலின் புனிதையான ஃபுவா மண்டியிட்டு வேண்டுகிறாள். மேகத்திலிருந்து ஒரு கை அவளை நோக்கி நீள்கிறது. அவளுக்குப் பின்னால் கைவிலங்குகள் தொங்குகின்றன. அவள் அருளால் விடுதலையான கைதிகள் கொண்டுவந்து மாட்டியவை அவை. வெளி விளிம்பிலிருந்து சில முகங்கள் மூக்கு வரைக்கும் எட்டிப் பார்க்கின்றன. கழுத்து வலிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன்.

அந்த மஞ்சள் சுண்ணாம்புக்கல் லுனெல் மேட்டிலிருந்து வந்தது. சான்-ஃபெலீயின் பெயரிலேயே லுனெல் இருக்கிறது. கந்தோன் என்ற எல்லைக்கோட்டை யாரும் போடுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இந்த மேட்டுக் கல்லை மாட்டு வண்டியில் ஏற்றிக் கோயில் எழுப்பியிருக்கிறார்கள். இந்த ஊர்களைக் கட்டிப்போட்டது அந்த உறவுதான் என்று நான் நம்புகிறேன்.

தூர்து ஆற்றின் பழைய பாலத்தைக் கடந்து எதிர்மலையில் ஏறினால் ஒரு குட்டித் தேவாலயம். அங்கே நின்று பார்த்தால் பள்ளத்தாக்குக்கு அப்பால் கொங்க் முழுசாகத் தெரிகிறது. யாத்ரீகர்கள் அங்குள்ள மணியை அடித்துவிட்டு நோயாக் பக்கம் ஏறுகிறார்கள். நானும் அடித்தேன்.

அப்புறம் சான்-சிப்ரியான். சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்காத ஊர். 2016 ஜனவரி 1 அன்று கொங்க், நோயாக், கிரான்-வாப்ர், சான்-சிப்ரியான் நான்கும் சேர்ந்து ‘கொங்க்-ஆன்-ரூவெர்க்’ என்ற ஒரே கொம்யூன் ஆயின. பெயர் கொங்க்கினுடையது, தலைமையிடம் சான்-சிப்ரியான். சரியான ஏற்பாடு என்றே எனக்குப் பட்டது. செங்குத்தான சரிவில் தொங்கும் கொங்க்கைவிட, ஆற்றோரச் சமதளத்துக்கு எந்த ஊர்க்காரரும் சுலபமாக வந்து போகலாம்.

செனெர்க்கும் சான்-ஃபெலீயும் இதில் சேரவில்லை. இன்றும் தனித்தனி மேயர், தனித்தனி மன்றம். கொங்க் போகிறவர்கள் முதல் நாள் இரவு செனெர்க்கில் தங்கிவிட்டுக் காலையில் நடந்தே இறங்குங்கள்.