ரேக் கதவுக்குள் ஒளிந்திருக்கும் திரை: இதுவரை முடிந்த வேலை

சர்வர்களை அடுக்கிவைக்கும் இரும்பு அலமாரியான சர்வர் ரேக்கின் கதவிலேயே, அவற்றின் நிலையை எண்களாகக் காட்டும் டேஷ்போர்டு ஓட வேண்டும். ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாதபோது அங்கே திரை இருப்பதே தெரியக்கூடாது. திரையைப் பொருத்துவது பெரிய காரியமில்லை, மறைப்பதுதான் வேலை வாங்கியது.

கதவின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு 3 மிமீ புகைநிற அக்ரிலிக் போட்டேன். அதன் பின்னால் 15.6 அங்குல பழைய லேப்டாப் பேனல், எச்டிஎம்ஐ சிக்னலைப் பேனலுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு கன்ட்ரோலர் போர்டு, ராஸ்ப்பெர்ரி பை என்ற ஒரு குட்டிக் கணினி. பேனலைச் சுற்றி உட்புறம் முழுக்கப் பளபளப்பில்லாத கறுப்பு வினைல் ஒட்டியாயிற்று. பளபளப்பான வினைல் என்றால் அணைந்த பேனலின் மங்கல் பரப்பு அதனருகே தனியாகத் தெரியும். அக்ரிலிக்கை ஆல்கஹால் தொட்டுத் துடைக்காதீர்கள், வெட்டிய ஓரங்களில் நுண்விரிசல் விடும். சோப்புத் தண்ணீரே போதும்.

இடத்தை முடிவு செய்தது உள்ளே இருக்கும் கேபிள்கள்தான். கருவிகளை ஒன்றோடொன்று இணைக்கும் பேட்ச் கேபிள்கள் முன்பக்கம் வளைந்து நிற்கும். கன்ட்ரோலர் போர்டையும் பேனலின் முதுகில் ஏற்றினால் கதவு மூடாது. அதனால் போர்டைப் பேனலுக்குக் கீழே தள்ளி வைத்தேன். கதவுக்கு வரும் ஒயர்களைக் கீலுக்கு இணையாகக் கொஞ்ச தூரம் செங்குத்தாக ஓடவிட்டுப் பிறகு திருப்பியிருக்கிறேன். கதவைத் திறக்கும்போது ஒயர் ஒரே இடத்தில் மடியாமல், நீளம் முழுக்க லேசாக முறுக்கிக்கொள்ளும். கழற்றிய எர்த் ஒயரை மறக்காமல் மாட்டினேன். நெட்வொர்க்குக்கும் கேபிள்தான், இரும்புப் பெட்டிக்குள் வைஃபையை நம்புவதற்கில்லை.

இனி மறைக்கும் கதை. திரையில் முழுக் கறுப்பைக் காட்டினாலும் எல்சிடியின் பின்விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். என்னுடையது ஐபிஎஸ் வகைப் பேனல், பின்விளக்கை அதனால் முழுக்க மறைக்க முடியாது, விளக்கை அணைத்த அறையில் ஒரு சாம்பல் செவ்வகம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். சரி, எச்டிஎம்ஐ சிக்னலை நிறுத்தலாம் என்றால், போர்டு தூங்கப்போகும் முன் 'சிக்னல் இல்லை' என்று ஊருக்கே அறிவிக்கிறது. ஆகவே போர்டிலிருந்து பேனலுக்குப் போகும், பின்விளக்கை இயக்கும் சிக்னல் கோட்டில் ஒரு ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, பேனல் பக்கத்தை ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வழியாக ராஸ்ப்பெர்ரி பை கிரவுண்டுக்கு (பூஜ்ஜிய வோல்ட்டுக்கு) இழுக்கும்படி செய்தேன். படம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், விளக்கு மட்டும் சட்டென்று போகும், வரும். இப்போது டார்ச் அடித்து உற்றுப் பார்த்தால்தான் விளிம்பு தெரிகிறது.

ஆள் வந்ததைக் கண்டுபிடிக்க, உடல் வெப்பத்தை வைத்து அசைவை அறியும் வழக்கமான பிஐஆர் சென்சார் இங்கே உதவாது. அந்த வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிர் அக்ரிலிக்கைத் தாண்டாது. எல்டி2410 என்ற 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் தாண்டிப் பார்க்கிறது. அது தூரத்தை 0.75 மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொள்வதால், முதல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மழுக்கிவிட்டேன். ரேக்கின் விசிறிகளையும் அது ஆள் என்று நினைக்கும் என்பதால் பின்னால் ஒரு தகரத் துண்டு.

டேஷ்போர்டு வரையும் மென்பொருளான கிராஃபானாவை, மெனு எதுவும் இல்லாமல் திரை முழுக்கக் காட்டும் கியாஸ்க் முறையில் திறந்து, பின்னணியைச் சுத்தக் கறுப்பாக்கி, எண்களைப் பெரிதாக்கியிருக்கிறேன். அக்ரிலிக் வெளிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்குவதால் மெல்லிய கோட்டு வரைபடங்கள் எடுபடவில்லை. வெப்பநிலை, யுபிஎஸ் சுமை, வட்டில் மீதமுள்ள இடம், இணையம் இருக்கிறதா, இவ்வளவுதான். நாலு எண்ணுக்கு மேல் நின்று படிக்க யாருக்குப் பொறுமை?

கூடவே ஒரு மூலையில் கடைசித் தரவு வந்து எத்தனை வினாடி ஆயிற்று என்பதும் ஓடுகிறது. அதை ராஸ்ப்பெர்ரி பையே தன் கடிகாரத்தை வைத்துத் தனியாகக் கணக்கிடுகிறது. சர்வர் விழுந்த பிறகும் பழைய எண்கள் திரையில் அழகாக நின்றுகொண்டிருந்தால் அந்த டேஷ்போர்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

பாக்கி இருப்பது அறை வெளிச்சத்துக்கு ஏற்பப் பிரகாசத்தைக் கூட்டிக் குறைப்பது. சென்சார் வாங்கியாயிற்று, எங்கே ஒளித்துவைப்பது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.