அரண்மனை வாசலில் நின்ற பொடியன்

நோர்வேக்கு வந்த முதல் ஏப்ரலில் இவர் என்னை ஒஸ்லோ அரண்மனை பார்க்கக் கூட்டிப்போனார். மதில் இருக்கும், வாசலில் மறிப்பார்கள் என்று அடையாள அட்டையைக் கையிலேயே வைத்திருந்தேன். மதிலும் இல்லை, மறிக்க ஆளும் இல்லை. பூங்காவுக்குள்ளால் நடந்து சுவரடிக்கே போய்விட்டோம். அங்கே துவக்கோடு ஒரு பொடியன். என் கால் தானாக நின்றுவிட்டது. ஊரில் ஆமியின் சென்றி, அதுதான் சோதனைச் சாவடி, வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, தலையைக் குனிந்தபடி உருட்டிப் பழகிய உடம்பு.

"பயப்படாதே, கிட்டப் போய்ப் பார்" என்றார் இவர். போனேன். கருநீல உடுப்பு, கறுப்புத் தொப்பியில் குதிரைமயிர்க் குஞ்சம். கன்னத்தில் பரு, குளிரில் சிவந்த காது. 19 வயது இருக்கும்.

மன்னரின் இந்தக் காவற்படையை இங்கே 'கார்டன்' என்பார்கள். 1856இல் தொடங்கியது. நிற்பவர்கள் கட்டாய சேவைக்கு வந்த பிள்ளைகள். அலங்காரத்துக்கு நிற்கிறார்கள் என்றுதான் நான் கனகாலம் நினைத்திருந்தேன். நோர்வேஜிய மொழி வகுப்பில்தான் மிட்ஸ்கூகன் கதை தெரியவந்தது. 1940 ஏப்ரல் 9, ஜெர்மனி நோர்வேக்குள் புகுந்த அன்றிரவு, மன்னர் ஏழாம் ஹாகோனைப் பிடிக்க ஜெர்மன் பாராசூட் படை பஸ்களில் எல்வெரூம் என்ற ஊரை நோக்கிப் போனது. வழியில் மிட்ஸ்கூகன் என்ற இடத்தில் மறித்துத் திருப்பி அனுப்பியது, பயிற்சியே முடியாத இந்தக் கார்டன் பிள்ளைகளும் சுடத் தெரிந்த ஊர்க்காரர் சிலரும்தான். மன்னர் தப்பினார். அதற்குப் பிறகு அந்தக் குஞ்சத்தை நான் வேறு கண்ணால்தான் பார்க்கிறேன்.

சரி, இப்போது பெண்பிள்ளைகளுக்கும் கட்டாய சேவை. என் மகளுக்கும் கடிதம் வந்தது. அவள் கேட்டதே கார்டனைத்தான். மூன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. "அம்மா, இது அந்த ஆமி இல்லை" என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். லீவில் வந்தால் ஒரு பக்கம் சப்பாத்து மினுக்குவாள். மறுபக்கம், பனிக்குள் படுத்ததையும், நகரத்துக்குள் வீடு வீடாகச் சண்டை பிடிக்கப் பழகுவதையும் சொல்லுவாள். கேட்கக் கேட்க வயிறு பிசையும். ஆனாலும் சோற்றைப் போட்டுக்கொண்டு கேட்பேன்.

போன மாதம் பகல் ஒன்றரைக்குக் காவல் மாறும் நேரம் பார்த்துப் போனேன். அதே சுவரடியில் மகள். கண் நேரே, என்னைப் பார்க்கவில்லை, பார்க்கவும் கூடாது. இரண்டடி தள்ளி நின்று, அவள் முகத்தை வேண்டிய மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.